பனியில் விரிக்க ஒரு பாய்

"இதுல படுத்தா அடியில இருந்து தணுப்பு ஏறுமா?"

ஜெபசீலன் சுபிஷாவிடம் முதன்முதலாகக் கேட்டது இதைத்தான். ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலை அது. அல் குசைஸில் செய்கு அலாவுதீனின் கடை. பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்கான அடுப்பு, மடக்கு நாற்காலி, விளக்கு எல்லாம் விற்கிற கடை. அன்றைக்கு நடந்த பேச்சை அவள் வரிசை மாறாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

"ஏறாது சார். பத்து சென்டிமீட்டர் கனம் இது."

"கனத்தைக் கேக்கல. தணுப்பைக் கேட்டேன்."

சுபிஷா நிமிர்ந்து பார்த்தாள். துபாயில் குளிரைத் தணுப்பு என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. எட்டாம் வகுப்பு வரை மார்த்தாண்டத்தில் தமிழில் படித்தவள். அப்புறம் அப்பாவுக்கு ஷார்ஜாவில் வேலை நிரந்தரமாகி, மீதியை இங்கே இங்கிலீஷில் படித்தாள். எதிரே நின்றவருக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். தேய்ந்த சட்டை, தோளில் மடித்துப் போட்ட ஸ்வெட்டர், செருப்புக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?" அவர் பாயை விரலால் அமுக்கினார்.

"காத்து சார்."

"வெறும் காத்தா?"

"ஆமா."

"எங்க கோல்ட் ஸ்டோர்ல ஃபேன் அடிக்கிறதும் வெறும் காத்துதான். அதுலதான் கோழியெல்லாம் கல்லாட்டம் கெடக்கு."

அவள் பேச்சை மாற்றினாள். "எங்க விரிக்கப் போறீங்க சார்? ஹத்தா மலையிலயா, லிவா மணல்லயா?" என்று கேட்டாள்.

"பனியில."

"பனியிலயா?"

"காலையில புல்லுல நிக்குமே அந்தப் பனி இல்ல. தரையெல்லாம் முட்டளவுக்கு வெள்ளையாக் கெடக்கும்லா, அது. எனக்க மக லிஜி ஜார்ஜியாவுல டாக்டருக்குப் படிக்கா. கூட்டுக்காரியளோட மலையில ஏறி ரெண்டு ராத்திரி கூடாரத்துல கெடக்கப் போறாளாம். கூடாரம் வாடகைக்கு எடுத்தாச்சு. உறையாட்டம் உள்ள புகுந்துக்கிடுத போர்வையும் எடுத்தாச்சு. பாய் மட்டும் அங்க கோடைக்கு உள்ளதுதான் கெடைக்குதாம். சனிக்கிழமை காலையில அவ காலேஜ்ல படிக்கிற வாசுன்னு ஒருத்தன் இங்கருந்து போறான். அவன் கையில குடுத்துவிடணும்."

"அப்ப இதையே எடுத்துக்கோங்க சார். எல்லாத்தையும் விட இதுதான் அதிகமாப் போகுது."

"எங்க போகுது?"

"பாலைவனத்துக்கு," என்றாள் சுபிஷா. சொல்லி முடிக்கும்போதே காது சூடாகிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "நீ பனியில படுத்திருக்கியா மக்களே?"

"இல்ல சார்."

"நானும் படுத்ததில்ல. ஆனா மைனஸ் பதினெட்டுல பத்தொம்பது வருசமா நிக்கேன். மேல எத்தனை போர்வை வேணும்னாலும் போத்திக்கிடலாம். நாம படுத்த இடத்துல அடியில உள்ள பஞ்சு நசுங்கிப் போவும். அது போர்வைக் கணக்குலயே வராது. தணுப்பு ஆளை எடுக்கிறது கீழ இருந்து." பாயை இருந்த இடத்திலேயே வைத்தார். "நாளைக்கு வருகேன். உன் கடையில உள்ளதையெல்லாம் எடுத்து வை. எதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சும் வை."

அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்றரை வருஷமாக இந்தக் கடையில் எல்லாப் பாயையும் அவள் கனத்தைச் சொல்லித்தான் விற்றிருக்கிறாள்.

*

கடையில் மூன்றே வகைதான் இருந்தன. ஒன்று, அந்தப் பத்து சென்டிமீட்டர் காற்றுப் பாய். இரண்டாவது, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக மடங்குகிற சாம்பல் நிற நுரைப் பாய். மூன்றாவது ஆரஞ்சு நிறம். அதுவும் காற்று அடைப்பதுதான், ஆனால் உள்ளே பளபளவென்று தகடு போன்ற மடிப்புகள். யாரோ ஆர்டர் போட்டுவிட்டு வராமல் போனதால் ஒரு வருஷமாக மேல்தட்டில் கிடந்தது.

உறைகளில் ஆர் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான எண் அது என்று தேடிப் படித்துத் தெரிந்துகொண்டாள். பனிக்குக் குறைந்தது ஐந்து வேண்டும். நுரைப் பாயில் இரண்டு என்று போட்டிருந்தது; ஆரஞ்சில் நாலரை. பாலைவனத்துப் பாயில் எண்ணே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றை விரித்தால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. இத்தனையையும் ஒரு தாளில் எழுதி வைத்தாள்.

மறுநாள் ஜெபசீலன் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார்.

"எழுத்து அழகா இருக்கு. ஆனா இந்த நாலரையை எழுதினவன் அதுல படுத்துப் பாத்தானா?"

"மெஷின்ல வெச்சுப் பாப்பாங்களாம் சார்."

"மெஷினுக்கு மக இருக்கா?"

உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த செய்கு அலாவுதீன் வெளியே வந்தார். கீழக்கரைக்காரர், யாரிடமும் ஒரு கேலி இல்லாமல் பேச்சைத் தொடங்கமாட்டார். "என்ன ஐஸ் அண்ணே, என் கடைப் புள்ளையப் போட்டு வறுக்கிறீய? அதுவே ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசும். அதையும் நீங்களே செலவழிச்சிட்டா மத்த கஸ்டமருக்கு நான் என்ன பண்ணுவேன்?"

ஐஸ் அண்ணன் என்பது அந்தத் தெருவே வைத்த பெயர் என்று சுபிஷா அப்போதுதான் தெரிந்துகொண்டாள். ஜெபசீலனுக்குச் சொந்த ஊர் இனயம் பக்கத்துக் கடற்கரை. முதலில் முசஃபாவில் சுமை இறக்கும் வேலை. பதினோரு வருஷமாக இங்கே, இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோல்ட் ஸ்டோரில் சூப்பர்வைசர். ஆகஸ்ட் மாத வெயிலிலும் ஸ்வெட்டரோடுதான் நடப்பாராம். ரூமில் கட்டிலை விட்டு வெறுங்காலைத் தரையில் வைக்கமாட்டாராம். ஃபிரீசருக்குள் யார் போனாலும், அவர்கள் வெளியே வரும்வரை கதவருகில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கம்பெனி அப்படிக் கேட்கவில்லை, அவராகப் போட்டது.

"மூணையும் எங்க ஃபிரீசர்ல போட்டுப் படுத்துப் பாக்கணும், முதலாளி. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல லோடு வராது. ஒரு மணிக்கூர் போதும்."

"பொருளு என்னுது, முதுகு உங்களுது. முதுகுக்கு ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ் இருக்கு. பொருளுக்கு?" செய்கு அலாவுதீன் தாடியைத் தடவினார். "சரி, எடுத்துட்டுப் போங்க. சுபிஷா, நீயும் கூடப் போம்மா. மீன் நாத்தம் பட்டுச்சுன்னா திருப்பி எடுக்கமாட்டோம்னு சொல்லிரு."

*

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பாங்கு சொன்ன நேரம், சரக்கு இறக்கும் மேடையில் ஃபோர்க்லிஃப்ட்கள் வரிசையாக நின்றிருந்தன. ஜெபசீலன் கம்பெனியில் அனுமதி வாங்கி வைத்திருந்தார். சுபிஷாவுக்கு ஒரு தடித்த ஜாக்கெட் கொடுத்துவிட்டு ஃபிரீசர் கதவைக் காட்டினார். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பச்சைக் குமிழை அவளை விட்டு மூன்று தடவை தள்ளிப் பார்க்கச் சொன்னார். வெளியே இருக்கும் கைப்பிடியையும் மூன்று தடவை இழுக்கச் சொன்னார்.

"உள்ளருந்து திறக்குமே, அப்புறம் நான் எதுக்கு அங்கிள்?" என்றாள். 'சார்' எப்போது 'அங்கிள்' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"திறக்கும். இருந்தாலும் நீ நில்லு." அவர் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டார். "உள்ள ஃபோனுக்கு சிக்னல் கெடைக்காது. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க சரக்கு அடுக்குத இரும்பு ராக்குல ரெண்டு தட்டு தட்டுவேன். நீ கதவுல ரெண்டு தட்டணும். நான் தட்டலன்னா கதவைத் திற. யோசிக்கப்பிடாது, கேட்டியா?"

தலையாட்டினாள்.

மேடையிலேயே காலால் மிதிக்கிற பம்பை வைத்து இரண்டு காற்றுப் பாய்களையும் கிண்ணென்று அடைத்தார். கோழிக்குள் குத்திக் குளிர் பார்க்கிற, நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டர் ஒன்றும் அவரிடம் இருந்தது. அதன் நுனியை முதுகுக்கும் பாய்க்கும் நடுவில் செருகிக்கொள்வது அவருடைய யோசனை. ஒரு பாய்க்கு இருபது நிமிஷம். முதலில் பாலைவனத்துப் பாய்.

கதவு மூடியது. சுபிஷா ஃபோனில் நேரம் பார்த்தாள். ஐந்தாவது நிமிஷம் டங், டங். அவள் திருப்பித் தட்டினாள். பத்தாவது நிமிஷம் வருவதற்குள் கதவே திறந்தது. வெண்புகைக்கு நடுவே பாயை இழுத்துக்கொண்டு அவர் வந்தார்.

"பங்க்சர். முதுகு தரையில முட்டுது. இந்தச் சாதனத்தையா எனக்க பிள்ளைக்குக் குடுக்கச் சொன்ன?"

பாய் தொய்ந்துதான் இருந்தது. ஆனால் பத்து நிமிஷம் மேடையில் கிடந்ததும் யாரும் தொடாமலே அது மறுபடி விறைத்துக்கொண்டது. சுபிஷா அதைத் தட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

"பங்க்சர் இல்ல அங்கிள். இங்க உள்ள வெதுவெதுப்புல காத்து அடிச்சோம். குளிர்ல காத்து சுருங்கும். உள்ள கொண்டு போய்க் கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அடைக்கணும்."

அவர் அவளையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை எனக்க மகளுக்கும் சொல்லணும். அவ கூடாரத்துக்குள்ள அடுப்பு கத்திச்சு, அந்தச் சூட்டுல பாயை அடைப்பா. ராத்திரி தரையில கெடப்பா."

பாயை மறுபடி உள்ளே கொண்டுபோய்க் காற்றடைத்துப் படுத்தார். இந்த முறை தொய்யவில்லை. ஆனால் கால் மணி நேரத்திலேயே முதுகுப்பக்கத்துச் சூடு பன்னிரண்டு டிகிரி இறங்கிவிட்டிருந்தது. பத்து சென்டிமீட்டர் வெறும் காற்று தரையின் குளிரை அப்படியே மேலே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. நுரைப் பாயில் இருபது நிமிஷமும் தாங்கினார். ஓட்டை விழ அதில் ஒன்றுமில்லை, குத்தினாலும் கிழித்தாலும் பாய் பாய்தான் என்று அதை மெச்சினார். ஆனாலும் சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்தது. வெளியே வந்து வெந்நீர் குடித்துவிட்டு, கடைசியாக ஆரஞ்சுப் பாயோடு உள்ளே போய், அதற்கும் மறுபடி காற்றடைத்துப் படுத்தார்.

ஐந்தாவது நிமிஷம் டங், டங். பத்தாவதிலும் வந்தது.

பதினைந்தாவது நிமிஷம் ஒன்றும் வரவில்லை.

சுபிஷா கதவில் காதை வைத்தாள். விசிறியின் இரைச்சல்தான் கேட்டது. இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு நிமிஷம் போனது. மறந்திருப்பார், கதவைத் திறந்தால் குளிர் வெளியேறிச் சோதனை கெட்டுவிடும், இதற்குப் போய்த் திறந்தாயா என்பார். இரண்டு நிமிஷம். மறுபடி தட்டினாள், இந்தத் தடவை கை வலிக்க. மேடையின் கோடியில் கம்ப்ரசர் மெக்கானிக் சுரேஷ்குமார் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூப்பிடலாம். என்னவென்று கூப்பிடுவது? யோசிக்கப்பிடாது என்று அவர் சொல்லியிருந்தது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவளோ யோசித்துக்கொண்டே நின்றாள். நாலாவது நிமிஷம் கைப்பிடியை இழுத்தாள்.

புகை விலகியதும் பாய் தெரிந்தது. அதன்மேல் அவர் மல்லாந்து கிடந்தார். குழாய்த் துண்டு கையிலிருந்து நழுவி, உருண்டு போய் ராக்கின் அடியில் கிடந்தது. கண் மூடியிருந்தது.

"அங்கிள்!"

தன் குரல் இவ்வளவு பெரிது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சுரேஷ்குமார் பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அதற்குள் ஜெபசீலன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நடுக்கமில்லை, உதடு நீலமில்லை. முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்."

"நாலுதானா? சத்தியமா?"

"சத்தியமா அங்கிள்."

அவர் அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். "உனக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார்.

வெளியே வெதுவெதுப்பில் நின்றிருந்தவளிடம் அவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். முதுகுப்பக்கம் முப்பத்தொன்று. ஆரம்பத்தில் இருந்ததை விட ஒரே ஒரு டிகிரி குறைவு.

"தூங்கிட்டீங்க அங்கிள். அவ்வளவு சூடா இருந்திருக்கு."

"ஆமா," என்றார். "தூங்கிட்டேன்."

*

மேடைப் படியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதுதான் அவர் சொன்னார். பதினொரு வருஷம் முன்பு, முசஃபாவில். அவரும் ஃபாரூக் என்ற அதிராம்பட்டினத்துக்காரரும் மீன் இறக்கி முடித்த ஒரு குளிர் கன்டெய்னருக்குள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆள் இருப்பதைப் பார்க்காமல் யாரோ கதவைப் பூட்டினார்கள். சாப்பாட்டு நேரம், இவர்கள் தொழிலாளர் கேம்ப்புக்குப் போய்விட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கன்டெய்னருக்கு உள்பக்கம் குமிழ் கிடையாது. தரை முழுக்க அலுமினியப் பட்டை.

"உள்ள மடிச்ச அட்டைக் கட்டு ஒண்ணே ஒண்ணு கெடந்துது. ஒரு ஆளுக்குத்தான் காணும். மாத்தி மாத்தி இருப்போம்னு பேச்சு. கால் மணிக்கூர் அவன், கால் மணிக்கூர் நான். முதல்ல ரெண்டு மூணு தரம் ஒழுங்கா நடந்துது. அப்புறம் எனக்க முறை வந்தப்ப நான் தூங்கிட்டேன்."

சுபிஷா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவன் எழுப்பல. ஏன்டான்னு பிறகு ஆஸ்பத்திரியில வெச்சுக் கேட்டேன். அசந்து தூங்குனிய, மனசு வரலன்னான். தணுப்புல தூங்கினா சாவுன்னு அவனுக்குத் தெரியாது. அவன் பட்டையில இருந்தான், நான் அட்டையில. ரெண்டே முக்கால் மணிக்கூர் கழிச்சுத் திறந்தானுவ. எனக்கு ஒண்ணும் இல்ல. அவனுக்கு வலது கால்ல மூணு விரலு போச்சு."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அங்கிள், தூக்கம்தானே..."

"அது இல்ல மக்களே." அவர் குரல் தாழ்ந்தது. "இடையில ஒருக்க முழிச்சேன். இதை யார்ட்டயும் சொன்னதில்ல. அவனுக்க ஃபோன்ல சிக்னல் கெடையாது, லைட்டு மட்டும் எரிஞ்சிட்டுக் கெடந்துது. பக்கத்துலதான் இருந்தான். கையை நீட்டினா தொடலாம். உக்காந்துதானே இருக்கான், ஒண்ணும் இல்லன்னு நினைச்சுத் திரும்பிப் படுத்தேன்."

ஃபாரூக் இப்போது ஊரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இருவரும் ஃபோனில் பேசிக்கொள்வார்கள். காலைப் பற்றி இவர் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

அந்த நேரம் பார்த்து லிஜி கூப்பிட்டாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, பாய் வாங்கியாச்சா? இல்ல இன்னும் கோழிக்குப் பக்கத்துல படுத்து டெஸ்ட் பண்ணிட்டு இருக்கியளா?"

"வாங்கியாச்சுட்டி. ரெண்டு வருது. சாம்பல் கலரு அடியில, ஆரஞ்சு மேல. ரெண்டும் சேந்தாத்தான் பனிக்குக் காணும். ஒண்ணு மட்டும் போதாது, கேட்டியா?"

"ரெண்டா? கொள்ளாமே, நல்லதாப் போச்சு! அப்ப ஒண்ணு ஷ்ருதிக்குக் குடுத்துருவேன். அவ என் கூடாரம்தான். பாவம், யோகா பண்ற மேட் ஒண்ணுதான் வெச்சிருக்கா."

சுபிஷா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். இரண்டும் நாலரையும் சேர்ந்தால் ஆறரை. பிரித்துவிட்டால் இரண்டு பெண்களில் ஒருத்திக்கும் ஐந்து வராது.

"அப்பா? லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன். பிறகு விளிக்கேன் மக்களே." வைத்துவிட்டார்.

"குடுக்காதேன்னு சொல்லுங்க அங்கிள்," என்றாள் சுபிஷா. அவள் அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை. ஆனால் அப்போது சொன்னாள்.

"சொன்னா கேப்பாளா? கேட்டாலும்..." அவர் டீயைக் கீழே ஊற்றினார். "கேட்டு, அவ மட்டும் சூடாக் கெடந்து, பக்கத்துல உள்ளதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அவ பிறகு எப்படி இருப்பா? எனக்குத் தெரியும் அது."

கடையில் வேறு ஆரஞ்சுப் பாய் கிடையாது. தேரா வரைக்கும் நாலு கடைகளுக்கு ஃபோன் போட்டாள். எல்லாரிடமும் பாலைவனத்துப் பாய்தான் இருந்தது. வாசுவின் விமானத்துக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம். ஜெபசீலன் எழுந்து மேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஃபிரீசருக்குப் போகிற குழாய்களின் கீழே வந்ததும் நின்றுவிட்டார். குளிர் கசியாமல் இருக்க அந்தக் குழாய்களின்மேல் ஒரு அங்குலக் கனத்துக்குக் கறுப்பு ரப்பர் நுரை சுற்றியிருந்தது. அவர் அதை விரலால் அமுக்கினார். விட்டதும் அது மேலே எழும்பியது.

"சுரேஷ்குமாரு! இந்தக் கறுப்பு ஷீட்டு மிச்சம் உண்டாடே?"

"புது லைன் போட்டதுல மீந்தது ஒரு ரோல் கிடக்கு அண்ணே. எதுக்கு?"

"ஒரு பிள்ளைக்குப் படுக்க."

"பிள்ளைக்கா, பைப்புக்கா?" என்று கேட்டுக்கொண்டே சுரேஷ்குமார் போய், மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ரோலை எடுத்து வந்தார். ஆறடிக்கு அறுத்தார்கள். அதையும் படுத்துப் பார்க்காமல் அனுப்ப ஜெபசீலனுக்கு மனமில்லை. ஆனால் அவர் அன்றைக்கு ஃபிரீசரில் இருந்த நேரம் ஏற்கெனவே அளவு தாண்டியிருந்தது.

"நான் படுக்கிறேன்," என்றாள் சுபிஷா.

இருபது நிமிஷம் அவள் உள்ளே கிடந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தட்டு என்ற கணக்கெல்லாம் போயே போய்விட்டது. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவு டமடமவென்று அதிர்ந்தது. பதிலுக்குத் தட்டித் தட்டியே அவளுக்குக் கை சூடேறிவிட்டது. மூக்கு நுனி மரத்தது, முடியில் பொடிப் பனி பிடித்தது, ஆனால் முதுகுப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்ததும் அவர் தெர்மாமீட்டரைப் பிடுங்கிப் பார்த்தார். முப்பது.

"பைப்புக்கு நல்லதுன்னா மனுசனுக்கும் நல்லதுதான்," என்றார் சுரேஷ்குமார். ஜெபசீலன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பாலைவனத்துப் பாய் மட்டும் கடைக்குத் திரும்பியது. செய்கு அலாவுதீன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார்.

*

லிஜியும் ஷ்ருதியும் மலையேறிய இரண்டு நாளும் அவர்களுடைய ஃபோன் கிடைக்கவில்லை. அங்கே சிக்னல் இருக்காது என்று லிஜி முன்பே சொல்லியிருந்தாள். ஊரில் இருக்கும் லிஜியின் அம்மா தேவகனிக்குத் தெரிந்ததெல்லாம் காலேஜ் கேம்ப் என்பது மட்டும்தான். பனி என்ற சொல்லை அப்பாவும் மகளும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள். ஜெபசீலன் டியூட்டி முடிந்து இரண்டு நாளும் நேராகக் கடைக்கு வந்தார். எதையும் வாங்கவில்லை. ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஜார்ஜியாவில் இப்போது எத்தனை டிகிரி என்று சுபிஷாவிடம் கேட்பார். முதல் நாள் மைனஸ் ஒன்பது. இரண்டாம் நாள் மைனஸ் பதினான்கு. செய்கு அலாவுதீன்கூட அந்த இரண்டு நாளும் கேலி பேசவில்லை.

மூன்றாம் நாள் மாலை நாலரைக்கு ஃபோன் அடித்தது.

"அப்பா, இறங்கியாச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். மூக்கு மட்டும் தோல் உரியுது."

"கால்?"

"காலும் இருக்கு, விரலும் இருக்கு. பத்தும் எண்ணிப் பாத்தேன். ஷ்ருதி அந்தக் கறுப்புப் பாயைத் திருப்பித் தரமாட்டாளாம். ஆனா அப்பா, ரெண்டாம் நாள் ராத்திரி ஒருக்க முழிப்பு வந்துது. லெட்டர்ல எழுதியிருந்தியல்லா, அதுமாதிரி அவளைத் தொட்டுப் பாத்தேன். கழுதை, பாயை விட்டு உருண்டு போய் வெறும் தரையில கெடக்கா! தோளு ஐஸாட்டம் இருந்துது. இழுத்துப் போட்டேன். அது எழுதலன்னா நான் திரும்பிப் படுத்திருப்பேன்."

ஜெபசீலன் சரி சரி என்றார். ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை எழுதியவள் சுபிஷாதான். விமானத்துக்குப் புறப்பட்ட அந்தச் சனிக்கிழமை காலை, வாசு கடை வாசலில் டாக்ஸியை நிறுத்திவிட்டு, "அங்கிள், நான் பிளைட்லதான் போறேன், லாரியில இல்ல," என்று மூன்று பாய்க் கட்டுகளையும் பார்த்து முறையிட்டுக்கொண்டிருந்தான். ஷ்ருதிக்குத் தமிழ் வாசிக்க வராது. ஜெபசீலனுக்கு இங்கிலீஷ் எழுத வராது. ரெண்டும் படிச்ச பிள்ளை நீ, ரெண்டுலயும் எழுது என்று அவர் சொல்லச் சொல்ல, கல்லாவின்மேல் தாளை வைத்து ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை எழுதினாள். சாம்பல் அடியில், ஆரஞ்சு மேலே. கறுப்பின்மேல் யோகா மேட். காற்றைக் குளிர்ந்த பிறகு மறுபடி அடைக்க வேண்டும். வாயால் ஊதக்கூடாது, ஈரம் உள்ளே உறைந்துவிடும். பாயில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

தாளை மடித்து ஆரஞ்சுப் பாயின் பையில் செருகினாள். டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தான். வாசு ஜிப்பை இழுக்கக் குனிந்தபோது ஜெபசீலன் அவன் கையைத் தடுத்து, தாளை வெளியே எடுத்து மறுபடி அவள் முன்னால் விரித்தார்.

"இன்னும் ஒரு வரி எழுது மக்களே. இடையில முழிப்பு வந்தா, பக்கத்துல கெடக்கிறவளைக் கை நீட்டித் தொட்டுப் பாக்கச் சொல்லு. சும்மா கண்ணால பாத்துட்டுத் திரும்பிப் படுக்கக் கூடாதுன்னு எழுது. ரெண்டு பாஷையிலயும் எழுது."